ரத்தக் கொதிப்பும் தேகப்பயிற்சியும்

(புதுப்பட்டினத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



நான் வைத்தியனல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டவன். பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்ததுதான். ஆனால் இரண்டு வருஷமாக நானே ரத்தக் கொதிப்புக்காரனாக இருப்பதால், அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டென்று கருதுகிறேன். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். வைத்தியரைக் கேட்டு, உங்கள் புத்தியையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த வியாதி சத்தமில்லாமல் வருவது. 140-க்கு 90 என்ற அளவைத் தாண்டி நின்றாலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. என் தாயார் ஒருநாள் காலையில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தார். காற்றுக் கருப்பு என்று ஒரு நாள் முழுதும் வேப்பிலை அடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். பிழைக்கவில்லை. அவருக்கு ஆயுளில் ஒரு தடவைகூட யாரும் ரத்த அழுத்தம் பார்த்ததில்லை. ஊரார் அதைத் தலையெழுத்து என்றார்கள். தலையில் யாரும் எழுதவில்லை, தோழர்களே! தலைக்குள் இருக்கும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது, அல்லது வெடித்துவிட்டது; அவ்வளவுதான்.

அமெரிக்காவின் தலைவர் ரூஸ்வெல்ட் 1945-ம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதி மூளையில் ரத்தம் கசிந்து மாண்டபோது அவருடைய மேல் அளவு 300-ஐ எட்டியிருந்தது. அதிகாரம் இருந்தது, பணம் இருந்தது. தக்க மருந்துதான் அன்று உலகத்தில் இல்லை. இன்றோ கூலிக்காரனுக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அது இலவசமாகக் கிடைக்கிறது. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று ஒரு திட்டமும் ஏற்பட்டது. இது யாகத்தினாலோ விரதத்தினாலோ வந்ததல்ல; மனித அறிவினால் வந்தது.

ஆனால் மாத்திரையோடு உடம்பையும் அசைக்க வேண்டும். நம் நாட்டில் உழைக்கிறவன் தாழ்ந்தவன், உட்கார்ந்து தின்கிறவன் உயர்ந்தவன் என்று கற்பித்து வைத்துவிட்டார்கள். லண்டனில் மோரிஸ் என்ற ஆராய்ச்சிக்காரர் 1953-ல் வெளியிட்ட சங்கதியைக் கேளுங்கள். மாடி பஸ்ஸில் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்குபவர். மாரடைப்பு யாருக்கு அதிகம் வந்தது? டிரைவருக்குத்தான்! உட்கார்ந்திருப்பது உயர்வா என்று யோசித்துப் பாருங்கள்.

தினந்தோறும் வேகமாக நடந்தால் ரத்தக் குழாய்கள் இளகிக் கொடுக்கின்றன. சில வாரங்களில் மேல் அளவு 5 முதல் 8 வரை குறையலாம். அந்தக் கொஞ்சமே பக்கவாதத்தையும் மாரடைப்பையும் குறைக்கக் கூடியது. ஆனால் நடையை விட்டால் அளவு மறுபடி ஏறிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை பாதயாத்திரை போய்ப் புண்ணியம் சேர்ப்பதாகச் சொல்லுகிறார்களே, அதுபோல ஆரோக்கியத்தைச் சேர்த்து வைக்க முடியாது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். வண்டிகள் பறக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை வேண்டாம்; கடலோரம் இருக்கிறது.

சில எச்சரிக்கைகள். மேல் அளவு 180-க்கு மேல் இருப்பவர்கள் முதலில் வைத்தியரைப் பாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்காதீர்கள். மார் வலித்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அளவு குறைந்துவிட்டதென்று நீங்களாக மாத்திரையை விடாதீர்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

கடைசியாக, ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பெண்களுக்கு வீட்டு வேலையே போதும் என்கிறீர்கள். அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பது நடையாகுமா? என் துணைவியாருக்கும் அளவு அதிகந்தான். "தெருவில் கைவீசி நடந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று ஆறு மாதம் தயங்கினார். அந்த நாலு பேரில் ஒருவரும் அவர் படுத்தால் பணிவிடை செய்ய வரப்போவதில்லை. இப்போது இருவருமாக நடக்கிறோம். நாலு பேர் சொன்னார்கள். பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது.

ஆகவே நாளைக்கே உங்கள் தாயாருக்கும் மனைவிக்கும், பிறகு உங்களுக்கும் அளவு பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் சேர்ந்து நடங்கள்.