இதயம் ஓர் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இன்று இதய நோய் தீண்டாத குடும்பங்கள் குறைவு. அந்நோய்க்கு ஆளானவர்களில் இரு சாராரைக் காண்கிறோம். ஒரு சாரார், ஸ்டென்ட் வைத்த நாளோடு தம் வாழ்க்கையே முடிந்துவிட்டதாகக் கருதி மூலையில் முடங்குகிறார்கள். பிறருக்கு உதவும் வாசலும் தமக்கு அடைபட்டுவிட்டதென எண்ணுகிறார்கள். மற்றொரு சாரார் நோயை மறைத்து, ரமளானில் நோன்புக் கஞ்சி அண்டாவைத் தூக்குவதற்கும் முந்திக்கொண்டு வருகிறார்கள். இவ்விரு சாராரும் சிந்திக்க வேண்டிய ஒரு செய்தியையே இன்று கூற விழைகிறேன்.

தர்மம் செய்வது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் உள்ளது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, வசதியற்றவர் என்ன செய்வார் என்று தோழர்கள் வினவினார்கள். அதற்கு அவர்கள் படிப்படியாக வழிகாட்டினார்கள். கையால் உழைத்து, தானும் பயன்பெற்று, பிறருக்கும் வழங்கலாம். அதுவும் இயலாதவர் தேவையுடையோருக்கு உதவலாம். அதற்கும் சக்தியற்றவர் நன்மையை ஏவலாம். எதுவுமே இயலாதவர் தீமையிலிருந்து விலகியிருந்தால் அதுவே அவருக்குத் தர்மமாகும். ஒவ்வொரு உடலுக்கும் ஏற்ற ஒரு படி அந்த ஏணியில் உண்டு. எனவே, உடல் தளர்ந்தவர் ஒரு படி இறங்கி நிற்கலாம். ஏணியை விட்டே இறங்கிவிட வேண்டியதில்லை.

உழைத்து ஈட்டி வழங்குவதில் ஒரு புதிய முறை மேலைநாடுகளில் வேரூன்றியுள்ளது. ஒருவர் இவ்வளவு தூரம் நடப்பதாக அல்லது ஓடுவதாக அறிவிப்பார். அம்முயற்சியை ஆதரிப்போர் ஓர் அறநிறுவனத்திற்குப் பணம் வழங்குவர். 1920ல் சில்ஹட் பகுதியில் பிறந்து, 1957ல் இங்கிலாந்து சென்று குடியேறியவர் தபீருல் இஸ்லாம் சவுத்ரி. 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில், ரமளான் நோன்பு நோற்ற நிலையில், நூறு வயதில், தோட்டத்தைச் சுற்றி 970 முறை நடந்தார். திரண்ட தொகை 4 இலட்சத்து 20 ஆயிரம் பவுனுக்கும் மேல்! ஓடவில்லை, மலையேறவில்லை; முதுமை அனுமதித்த நடையை நடந்தார்.

இதய நோயாளி ஒருவரின் வரலாறும் உண்டு. பிரிட்டனின் சாகசப் பயணி ரனுல்ஃப் ஃபைன்ஸ் 2003 ஜூன் மாதம் மாரடைப்பால் வீழ்ந்தார். அவசரமாக இரட்டை பைபாஸ் அறுவை சிகிச்சை நடைபெற்றது. நான்கு மாதங்கள் கழித்து அவர், மைக் ஸ்ட்ரவுட் எனும் மருத்துவருடன் இணைந்து, ஏழு நாட்களில் ஏழு மராத்தான்கள் ஓடினார். ஒவ்வொன்றும் 42 கிலோ மீட்டருக்கும் அதிகம். சிங்கப்பூர், லண்டன், கெய்ரோ, நியூயார்க் என உலகைச் சுற்றிய அவ்வோட்டம், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனுக்கு நிதி திரட்டவே நடைபெற்றது.

இதைக் கேட்டு யாரும் நாளையே ஓடக் கிளம்பிவிட வேண்டாம்! இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 130ஐத் தாண்டக் கூடாதென மருத்துவர் அவருக்கு நிபந்தனை விதித்திருந்தார். துடிப்பைக் காட்டும் கருவியை எடுத்துச் செல்ல மறந்ததாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அவருடைய உறுதியைப் பாராட்டலாம்; அந்த மறதியைப் பின்பற்றலாகாது. உடல் நமக்குச் சொந்தமானதன்று, அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். தர்மம் செய்வதற்காகக்கூட அமானிதத்தில் மோசடி செய்ய நமக்கு உரிமையில்லை.

அவர் வாழ்வில் என்னை அதிகம் கவர்ந்தது வேறொரு நிகழ்ச்சி. 2005ல் எவரெஸ்ட் ஏறிய அவர், சிகரத்தை நெருங்கிய வேளையில் இதயக் கோளாறு ஏற்படவே, திரும்பி இறங்கினார். பின்னர் 2009 மே மாதம், 65ஆம் வயதில் சிகரத்தை அடைந்தார். அன்று திரும்பியதால்தான் பின்னர் ஏற முடிந்தது. நின்று தொழ முடியாதவர் அமர்ந்து தொழலாம், நோயாளி நோன்பைப் பிற்படுத்தலாம் என்று மார்க்கம் தந்துள்ள ருக்ஸத்தும் இத்தகையதே. அச்சலுகையை ஏற்பது ஈமானின் பலவீனமன்று.

அன்பர்களே! இதய நோயுள்ள சகோதரர்கள் தத்தம் மருத்துவரிடம் கேட்டு, அவர் அனுமதிக்கும் அளவுக்கு, பஜ்ருத் தொழுகைக்குப் பின் நடக்கட்டும். நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பிள்ளைகளோ நண்பர்களோ ஒரு சிறு தொகையை பைத்துல்மாலில் சேர்க்கட்டும். மருந்து வாங்க இயலாத இதய நோயாளிகளுக்கு அது சென்று சேரட்டும்.

இதில் மூன்று எச்சரிக்கைகள்: முதலாவது, இதனை நேர்ச்சையாக ஆக்கிவிடாதீர்கள். நேர்ச்சை செய்தால் நிறைவேற்றுவது கடமையாகிவிடும். நல்ல நிய்யத்தாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஒருவருக்கொருவர் பந்தயப் பணம் கட்டாதீர்கள், அது சூதாட்டமாகிவிடும். மூன்றாவது, நடக்கையில் நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி தோன்றினால் அக்கணமே நின்றுவிடுங்கள். உடனிருப்போர் 108ஐ அழைக்கட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியின்றியும் மாரடைப்பு வரலாம் என்பதையும் மறவாதீர்கள்.

நடக்க இயலாத நாளுக்கும் நன்கொடையாளர் தொகையை நிறுத்த வேண்டாம். ஆரோக்கியமாய் இருந்தபோது செய்துவந்த அமலின் கூலி, நோயுற்ற நாளிலும் அடியானுக்கு எழுதப்படுகிறது என்பது நபிமொழி தரும் நற்செய்தி. படுக்கையில் கிடப்பவரின் ஏட்டையும் அல்லாஹ் மூடுவதில்லை. நாம் ஏன் நம் கணக்கை மூட வேண்டும்?

நோயுற்றோருக்கு வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவையும், நமக்கு இக்லாஸையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.