ஓடாத காருக்கும் வயதாகும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரைப் பற்றிப் பேச ஒரு மெக்கானிக்கை அழைத்திருக்கலாமே, ஓய்வு பெற்ற பேங்க் கிளார்க் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மெக்கானிக் வந்தால் பாகத்தைக் கழற்றிக் காட்டுவார். எனக்குத் தெரிந்தது தேதியும் கணக்கும்தான். அதை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கணக்குப் புத்தகத்தில் கார் என்பது ஒரே சொத்து. வருடத்துக்கு இத்தனை சதவீதம் தேய்மானம் என்று மொத்தமாகக் கழிப்போம். நிஜத்தில் காருக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் தனித்தனி டெபாசிட் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் தனி மெச்சூரிட்டி தேதி.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கின்றன. சாதாரண பாலிசியில் விபத்துக்கு கிளெய்ம் செய்தால், உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிக்கிறார்கள். முதல் ஆறு மாதத்துக்குக் கழிவு கிடையாது. பத்து வருடம் தாண்டினால் 50 சதவீதம். ஆனால் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி என்றால் வண்டி புத்தம் புதிதாக இருந்தாலும் 50 சதவீதம் கழிவு. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. எது சீக்கிரம் கெடும், எது கெடாது என்பது இந்த ஒரு பட்டியலிலேயே தெரிகிறது.

நம் பார்க்கிங்கில் நிற்கும் கார்களில் பாதிக்கு மேல் கோயிலுக்கும் டாக்டரிடமும் காய்கறிக் கடைக்கும் போய்வருகிறவை. "வாங்கி ஏழு வருஷம் ஆச்சு சார், 20,000 கிலோமீட்டர்கூட ஓடலை, அப்படியே புதுசு மாதிரி இருக்கு" என்று சொல்லுவோம். ஆனால் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தால், "10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது" என்று போட்டிருக்கும். டாக்ஸிக்காரருக்கு முதல் பாதி. நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டாம் பாதி.

டயர்: டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசை ஒன்று உண்டு. அதன் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது என்று பொருள். ஒரு பக்கத்தில் காணவில்லை என்றால் டயரின் உட்பக்கத்தில் இருக்கும். பட்டன் தேயாமல் ஆழமாக இருந்தாலும் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகி, நுண்ணிய வெடிப்புகள் விழும். ஐந்து வருடம் முடிந்ததும் வருடா வருடம் டயர் கடையில் காட்ட வேண்டும்; எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு ஆறேழு வருடத்தில் மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. தெருவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பழைய டயர் ஒன்றும் சொல்லாது. பொங்கலுக்குக் குடும்பத்தோடு, லக்கேஜோடு, நாற்கரச் சாலையில் 100-இல் போகும்போதுதான் வெடிக்கும். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். அது ஓடவே இல்லை என்றாலும் அதன் வயது ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரேக் ஆயில்: பலரும் மறந்துவிடுவது இதைத்தான். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இப்போது அதிகம் பயன்படும் 'டாட் 4' வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஏற்காட்டிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது சூடு ஏறி அது கொதித்தால், குழாயில் ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் மெத்தையில் மிதித்த மாதிரி உள்ளே போகும். வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மற்ற செலவுகளோடு பார்த்தால் இது சின்னச் செலவு.

பேட்டரி: சாதாரணமாக மூன்றிலிருந்து ஐந்து வருடம். வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும். சும்மா நிற்பதும் குறைக்கும், ஏனென்றால் வண்டி பூட்டியிருந்தாலும் அலாரமும் கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் பேஸ்மென்டில் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதால் பெரிய பலன் இல்லை. ஸ்டார்ட் செய்ய எடுத்த சார்ஜ்கூட முழுதாகத் திரும்பாது. மேல் வீட்டுக்காரர்களுக்குப் புகைதான் மிச்சம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வெளியே ஓட்டிவிட்டு வாருங்கள்.

எஞ்சின் ஆயில்: இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் எஞ்சின் முழுச் சூட்டுக்கே வராது. உள்ளே உண்டாகும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலில் தங்கும். அதனால் குறைவாக ஓடினாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றத்தான் வேண்டும்.

டைமிங் பெல்ட்: உங்கள் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று மேனுவலில் பாருங்கள். பெல்ட் என்றால் அதற்கும் கிலோமீட்டர், வருடம் இரண்டு கெடுவும் இருக்கும். ஓடும்போது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும்.

வைப்பர் ரப்பர் வெயிலில் ஒரு வருடம் தாங்கினால் அதிகம். அக்டோபர் மழைக்கு முன்னால் செப்டம்பரிலேயே மாற்றிவிடுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் தேதி பார்த்து மாற்ற வேண்டியதில்லை. பிரேக் பேட், கிளட்ச் இரண்டும் ஓட்டத்தையும் ஓட்டுகிறவர் காலையும் பொறுத்தவை. நகரத்தில் பேட் 30,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை வரலாம்; டிராஃபிக்கில் ஹாஃப் கிளட்சிலேயே ஓட்டுகிறவருக்கு கிளட்ச் சீக்கிரம் போகும். 15,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு இவற்றை மாற்றச் சொன்னால், "கழற்றிக் காட்டுங்கள், எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்?" என்று கேளுங்கள். மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, நம் பணம்.

இதற்கெல்லாம் ஆப் எதுவும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். பாகம், மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர், அடுத்த கெடு என்று நான்கு கட்டம் போட்டு டேஷ்போர்டுக்குள் வையுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து வண்டியை எடுக்கும்போதும், நாளைக்கு வண்டியை விற்கும்போதும் அது உதவும்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பார்க்கிங்கில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். டார்ச் அடித்து டயரில் அந்த நான்கு எண்களைப் படியுங்கள். முதல் வரியை இன்றைக்கே எழுதிவிடலாம்.