கரிச்சானும் லைகோசா சிலந்தியும்



நெல் வயலில் பூச்சிகளைத் தின்று வாழும் இரண்டு உயிர்களை இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று கரிச்சான் எனப்படும் இரட்டைவால் குருவி. மற்றொன்று லைகோசா எனப்படும் ஓநாய்ச் சிலந்தி.

கரிச்சானை அறியாதவர் இல்லை. மின்கம்பியிலோ மாட்டின் முதுகிலோ அமர்ந்திருக்கும். பூச்சியைக் கண்டதும் பாய்ந்து பிடிக்கும். வெட்டுக்கிளிகளையும் அந்துப்பூச்சிகளையும் தின்னும். ஆனால் நன்மை செய்யும் தட்டானையும் தேனீயையும் அது விடுவதில்லை. மேலும், பயிர் தூர் கட்டி நெருங்கியபின் அடித்தண்டில் கூட்டமாக ஒட்டியிருக்கும் புகையான் அதற்கு எட்டுவதில்லை.

அந்த இடத்தில் வேட்டையாடுவது லைகோசா. இது வலை பின்னிக் காத்திருப்பதில்லை. தூர்களின் இடையிலும் தண்ணீரின் மேலும் ஓடி இரை பிடிக்கும். நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். தாய்ச்சிலந்தி முட்டைப்பையை உடலின் பின்நுனியில் சுமந்து திரியும். பொரித்த குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும்.

மருந்து அடிக்கும்போது குருவி அடுத்த வயலுக்குப் பறந்துவிடும். சிலந்தியோ அங்கேயே மடியும். புகையான் தன் முட்டைகளை இலையுறையின் உள்ளே வைப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். அவை பொரிக்கும்போது தின்ன ஆளில்லை. சில மருந்துகளுக்குப் பின் புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகுவதற்கு இது ஒரு காரணம். புகையான் தாக்கும் பகுதிகளில் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான்.

ஆகவே மருந்து வாங்குமுன் வயலில் இறங்கிப் பாருங்கள். பல இடங்களில் குத்துகளைச் சாய்த்து மெல்லத் தட்டி, புகையானையும் சிலந்தியையும் எண்ணுங்கள். சிலந்தி இல்லையெனில் தூருக்கு 1 புகையான் சேதநிலை. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். அதாவது, 15 தூர்கள் உள்ள குத்தில் 15 பூச்சிக்குப் பதில் 30 வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தியால் ஒரு தெளிப்புச் செலவே மிஞ்சக்கூடும். அளவு மீறினால் தண்ணீரை வடித்துவிட்டு, பரிந்துரைத்த மருந்தைத் தூரின் அடியில் படும்படி அடியுங்கள்.

குருவிக்கு, ஏக்கருக்கு 15 முதல் 20 இடங்களில் குறுக்குக் கட்டை கட்டிய குச்சிகளை நடுங்கள். கதிர் பால் பிடிக்குமுன் அவற்றை எடுத்துவிடுங்கள். இல்லையேல் தானியம் தின்னும் பறவைகள் வந்து அமரும்.

குருவிக்குக் குச்சி நடுவதோடு, குத்தை விலக்கிச் சிலந்தியை எண்ணும் பழக்கத்தையும் இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.