வெற்றியை எண்ணுவதா, எடை போடுவதா?



குத்துச்சண்டையில் 135 ராத்தலுக்கு மேற்படாத எடையுடையோர் போட்டியிடும் பிரிவை ‘லைட்வெயிட்’ என்பர். இப்பிரிவில் மிகச் சிறந்த வெற்றி வரலாறு உடையவர் யார் என்னும் வினா, அக்கலையில் ஈடுபாடு கொண்டோரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்காகும். எண்ணிக்கையைப் பார்த்தால் தீர்ப்பு எளிதன்றோ என்று உங்களுக்குத் தோன்றலாம். எளிதன்று என்பதே என் கருத்து.

மெக்சிகோ நாட்டு ஹூலியோ சேசர் சாவேஸ் 107 வெற்றிகள் பெற்றவர். ஆயினும் அவர் லைட்வெயிட் பட்டத்தை 1987-இல் வென்று, 1989-இலேயே அடுத்த எடைப் பிரிவுக்குச் சென்றுவிட்டார். அவர் வெற்றிகளுட் பெரும்பாலானவை வேறு பிரிவுகளைச் சேர்ந்தவை. ஆகவே மொத்தத் தொகை இங்கே சான்றாகாது.

அடுத்து, நியூயார்க் நகரத்துப் பென்னி லெனார்டை நோக்குவோம். 1917 முதல் 1925 வரை பட்டத்தைக் காத்து, தோல்வியுறாமலே அதைத் துறந்தவர் அவர். ஆனால் அக்காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில், எதிரியை வீழ்த்தினாலன்றி, நடுவர் வெற்றி தோல்வி கூறுதல் கூடாது. மறுநாள் செய்தித்தாள் நிருபர்கள் எழுதியதே தீர்ப்பு. லெனார்டின் சண்டைகளுள் நூற்றுக்கு மேற்பட்டவை இவ்வகையின. இவற்றைக் கணக்கிற் சேர்ப்பின் ஒரு தொகை. நீக்கின் மற்றொரு தொகை!

பால்டிமோர் நகரத்து ஜோ கான்ஸ் கதை இன்னும் சிந்திக்கத் தக்கது. 1902-இல் முதற் சுற்றிலேயே பிராங்க் எர்ன் என்பவரை வீழ்த்தி, உலகப் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கக் கருப்பினத்தவர் ஆனார். 1906-இல் நெவாடா மாநிலத்துக் கோல்ட்ஃபீல்டில் பாட்லிங் நெல்சனோடு 42 சுற்றுகள் பொருது, எதிரி முறைகேடாக அடித்தமையால் வெற்றி பெற்றார். பட்ட வீரர் அவரே. எனினும் எதிரிக்குக் கொடுத்த பணத்தினும் குறைவான பணமே அவருக்குத் தரப்பட்டது. 1900-இல் சிகாகோவில் அவர் அடைந்த தோல்வியோ, முன்னேற்பாட்டின்படி நிகழ்ந்தது என்று பலராலும் ஐயுறப்பட்டது. நிறத்தின் பேரால் அநீதி ஓங்கிய உலகில், ஏட்டிற் பதிந்த தோல்வி யாருடைய தோல்வி? 1910-இல் காசநோயால் அவர் மாண்டார்.

இறுதியாக, பனாமா நாட்டு ரோபர்டோ டூரான். 1972-இல் கென் புகானனை வென்று பட்டம் பெற்ற இவர், அதனைப் பன்னிரு முறை காத்தார். அவற்றுள் பதினொன்றில் எதிரியை ஆட்டம் முடியுமுன்னரே வென்றார். இப்பிரிவில் அவரை வென்றவர் எஸ்டெபன் டி ஹேசுஸ் ஒருவரே. 1972 நவம்பரில் தோற்ற டூரான், அதே மனிதரை 1974-இலும் 1978-இலும் வீழ்த்தினார். ஒரு தோல்வியை இருமுறை திருப்பிக் கொடுத்த வரலாறு இது.

எனவே ஏட்டிற் காணும் வெற்றிகளை மட்டும் அளவுகோலாக்கினால், என் தீர்ப்பு டூரானுக்கே. ஆனால் வெற்றிக்கு எதிராக நின்ற தடைகளையும் தராசில் இட்டால், கான்ஸின் தட்டே தாழும்.

நண்பர்களே, வரலாறு பயிலும்போதும், தேர்வில் மதிப்பெண் பெற்றவனை ஒப்பிடும்போதும், இவ்வேறுபாட்டை மறவாதீர்கள். எத்தனை என்று கேட்பவன் கணக்கன். எவரை, எந்நிலையில், எத்தகைய விதியின் கீழ் என்று கேட்பவனே நீதிமான்.