மூப்புப் பட்டியலும் சங்க ஒற்றுமையும்

துறைமுகத் தொழிலாளரின் போராட்டங்களைக் கண்ட கொழும்பு வடக்கில், இலட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் விமானிகளின் சச்சரவைப் பேசுவது சிலருக்கு ஒவ்வாமற் போகலாம். ஆனால் தொழிலாளியும் தொழிலாளியும் எதிரெதிரே நிற்கும்போது சங்கம் யாருக்காகப் பேசும் என்ற கேள்வி அங்கேதான் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. 2007இல் இந்திய அரசு, தூர தேசங்களுக்குப் பறந்த எயர் இந்தியாவையும் பெரும்பாலும் உள்நாட்டில் பறந்த இந்தியன் எயர்லைன்ஸையும் ஒரே கம்பனியாக்கியது. விமானிகள் மட்டும் ஒன்றாகவில்லை. எயர் இந்தியாக்காரர் இந்தியன் பைலட்ஸ் கில்டிலும், மற்றவர்கள் இந்திய வணிக விமானிகள் சங்கத்திலும் இருந்தபடியே இருந்தார்கள். 2011 ஏப்ரலில் வணிக விமானிகள் சங்கம் சமசம்பளம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தது. நிர்வாகம் அதன் அங்கீகாரத்தைப் பறித்து, அலுவலகங்களுக்குச் சீல் வைத்தது. மறு ஆண்டு மே மாதம் கில்டின் முறை. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானங்களுக்கான பயிற்சியை இந்தியன் எயர்லைன்ஸ்காரருக்கும் கொடுப்பதை எதிர்த்து அவர்கள் 58 நாள் வேலைக்குப் போகவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. நூறு பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். கில்டின் அங்கீகாரமும் போயிற்று. இரு சங்கங்களையும் நிர்வாகம் ஒரே பிரம்பால் அடித்திருக்கிறது. அப்போதும் அவை ஒன்றுக்கொன்றுதான் பகையாக இருந்தன.

காரணம் வெறும் பொறாமையல்ல. எந்த விமானம், எந்தப் பாதை, எப்போது கப்டன் பதவி என்பதையெல்லாம் சேவைக்கால வரிசையான மூப்புப் பட்டியலே தீர்மானிக்கிறது. அதில் ஒருவர் ஒரு படி ஏறினால் இன்னொருவர் ஒரு படி இறங்கியே ஆகவேண்டும். கம்பனிகளை இணைக்கும் முன்பே நடுநிலையாளர் ஒருவர் தீர்த்திருக்க வேண்டிய விடயம் இது. இதை ஆராய நீதிபதி தர்மாதிகாரி குழுவை அரசு அமைத்ததோ இணைப்புக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2011இல்.

எல்லோரும் ஒரே சங்கத்தில் இருந்திருந்தால் இந்த வம்பு வந்திராது என்பார்கள். ஆனால் அமெரிக்காவில் டெல்டா விமானிகளும், அதன் துணைக் கம்பனியான கொமெயாரின் விமானிகளும் ஒரே சங்கத்தில்தான் இருந்தார்கள். துணைக் கம்பனிகள் எத்தனை, எவ்வளவு பெரிய ஜெட் விமானங்களை ஓட்டலாம் என்பதற்கு டெல்டா விமானிகளின் ஒப்பந்தம் வரம்பு கட்டியது. 2001இல் 89 நாள் வேலைநிறுத்தம் நடத்திய கொமெயார் விமானிகளில் ஒரு பகுதியினர், டெல்டா விமானிகளுக்காகத் தங்களை விட்டுக்கொடுத்ததாகத் தம் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். மலிவான சம்பளத்துக்கு ஆள் பிடித்துத் தங்கள் வேலையைக் கம்பனி துணைக் கம்பனிக்குத் தள்ளிவிடும் என்ற டெல்டா விமானிகளின் அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து, அந்த மலிவுச் சம்பளத்தை உயர்த்தப் போராடுவது. சக அங்கத்தவரின் விமானத்தைச் சிறிதாக்குவது மருந்தாகாது.

இலங்கையில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆனால் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நாற்பது சதவீத அங்கத்துவம் இல்லாத சங்கத்தோடு முதலாளி பேசியே ஆகவேண்டும் என்றில்லை. ஆகவே சிறுபான்மையினர் பெரிய சங்கத்துக்குள்தான் இடம் தேட வேண்டும். அங்கேயும் அவர்கள் பத்திரமாக இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை: 1927 துறைமுக வேலைநிறுத்தத்தை வழிநடத்திய ஏ. ஈ. குணசிங்கதான் 1930களில் மலையாளித் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். அதனால்தான், ஒரு பிரிவினரின் பிழைப்பைத் தொடும் ஒப்பந்த வாசகத்துக்கு அந்தப் பிரிவினரின் தனி வாக்கெடுப்பு வேண்டும் என்ற விதியை, இந்த மண்டபத்தில் இருக்கும் சங்கத்தவர்கள் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே தங்கள் யாப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.