மாதவரம் ஆர்க்டிக் கடலுக்குப் போன கதை

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல மாதவரம் பக்கம் தண்ணி நின்ன இடங்களோட லிஸ்ட் ஒரு எக்செல் ஷீட்ல இருக்குன்னு வெச்சுக்குவோம். அதை மேப்ல பார்க்கணும்னா, சிஎஸ்வியா சேவ் பண்ணி, இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ல ஏத்தணும்.

அது எக்ஸ்னு கேட்டா தீர்க்கரேகை, ஒய்னு கேட்டா அட்சரேகை. மாதவரத்துக்கு எக்ஸ் 80.23, ஒய் 13.15. மாத்திப் போட்டா, ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடல்ல போய் விழும்!

இது பார்த்ததுமே தெரிஞ்சிடும். தெரியாம ஏமாத்துறது தசம இலக்கம்தான். எக்செல் திரையில காட்டுறதைத்தான் சிஎஸ்வியில எழுதும். ரெண்டு இலக்கத்தோட நின்னா, இடம் அரை கிலோமீட்டருக்கு மேலகூடத் தள்ளிப் போகலாம். நாலு இலக்கம் இருந்தா பத்து மீட்டருக்குள்ள நிக்கும்.

மேப் பார்க்க சரியாத்தான் இருக்கும். ஆனா அடுத்த வெள்ளத்துல படகு வேற தெருவுக்குப் போயிடும். அதனால, சேவ் பண்றதுக்கு முன்னாடி இலக்கத்தை எண்ணிடுங்க.