அளவறிந்த வெப்பம்

(ஆரப்பாளையத்தில் நடைபெற்ற இலக்கிய வட்டக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வெப்பத்தால் நோய் தீர்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. ஒற்றடம், வேது, சுட்டிகை ஆகியவை சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளுள் அடங்குவன. எனினும், தவிட்டு ஒற்றடத்தின் சூடு தோலுக்கடியில் சிறிது தொலைவே செல்லும். உடலின் உள்ளாழத்தில் வளரும் புற்றுக்கட்டிக்கு வெப்பத்தைக் கொண்டு சேர்ப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடையாக எழுந்ததே வானலை வெப்பக் கருவி.

வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்ததே இவ்வலையும். உடலின் இருபுறமும் மின்தகடுகளை வைத்து, நொடிக்கு ஏறத்தாழ 80 இலட்சம் முறை ஊசலாடும் மின்புலத்தைச் செலுத்துவது ஒரு முறை. அப்போது உடல் நீரிலுள்ள மின்னூட்டத் துகள்கள் அலைவுற்று வெப்பத்தைப் பிறப்பிக்கின்றன. கட்டியை 40 முதல் 43 பாகை செல்சியசு வரை சூடேற்றி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அந்நிலையில் வைத்திருப்பதே நோக்கம். கட்டிக்குள் ஊசியைச் செருகிச் சுட்டழிக்கும் முறை இதனின்று வேறுபட்டது.

இம்மிதமான வெப்பம் தனித்து நின்று நோயை வெல்வதில்லை. கதிர்வீச்சு மருத்துவத்திற்குத் துணையாக நிற்பதே இதன் சிறப்பு. உயிர்வளி குறைந்த புற்றணுக்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் பணியா. அவையே வெப்பத்திற்குப் பெரிதும் பணிகின்றன. மேலும், கதிரால் உற்ற காயத்தை உயிரணு தானே சீர்செய்து கொள்வதையும் வெப்பம் தடுக்கிறது.

இத்துறையில் ஆர்வம் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கரான ஜான் கான்சியசின் வரலாறு சான்றாகும். வானொலி நிலையம் நடத்திய அவருக்கு 2002-இல் குருதிப் புற்று இருப்பது தெரியவந்தது. சமையற்கலங்களைக் கொண்டே அவர் முதற் கருவியை அமைத்தார். பலர் நம்பிக்கையோடு நோக்கினர். ஆய்வகங்களில் விலங்குகளிடத்தும் சோதனைகள் நிகழ்ந்தன. ஆயினும் அது மனிதர்க்குரிய மருத்துவமாக ஏற்கப்படும் முன்னரே, 2009-இல், அவர் மறைந்தார். நம்பிக்கை மருந்தாவதற்கு இடையே நீண்ட சோதனைக் காலம் உண்டு.

அச்சோதனைகள் கூறுவன யாவை? நெதர்லாந்தில் 358 நோயாளிகளிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கருப்பை வாய்ப் புற்றுற்ற பெண்களுள் கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் 27 விழுக்காட்டினர் மூன்றாண்டின் இறுதியில் உயிருடன் இருந்தனர். வெப்பமும் சேர்த்துப் பெற்றோரில் 51 விழுக்காட்டினர் இருந்தனர். மும்பை நானாவதி மருத்துவமனையில் மருத்துவர் நாகராஜ் ஹுயில்கோல் குழுவினர் தலை, கழுத்துப் புற்றுக்குச் செய்த ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. கட்டி முற்றும் மறைந்தோர் கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் 42 விழுக்காட்டினர். வெப்பமும் பெற்றோரில் 79 விழுக்காட்டினர். அவ்வாய்வில் பங்குற்றோர் அறுபதின்மருக்கும் குறைவே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மறுபக்கமும் உண்டு. பன்னாட்டு அணுசக்தி முகமையின் சார்பில், கருப்பை வாய்ப் புற்றுற்ற 110 பெண்களிடம் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அதில் வெப்பத்தால் நன்மை புலப்படவில்லை. கட்டிக்குள் போதிய வெப்பம் சென்றதா என்ற வினா அதன்பின் அறிஞரிடையே எழுந்தது. நெருப்பு ஒன்றே, அளவு பிழைத்தால் பயன் பிழைக்கும்.

கருவி ஆக்குவோரின் அறைகூவலும் இவ்வளவே. தகட்டு முறையில் தோலடிக் கொழுப்பு கட்டிக்கு முன்பே சூடேறும். அதனைத் தணிக்கக் குளிர்நீர்ப் பைகள் வைக்கப்பெறுகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கவிதா அருணாச்சலம் குழுவினர் 434 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்கும் சிறு ஆண்டெனாக்களை வடிவமைத்து ஆராய்ந்துள்ளனர். பல ஆண்டெனாக்களின் அலைகளை இசைவித்து, கட்டியிருக்கும் இடத்தில் ஒன்றுகூடச் செய்வது இத்தகு முறையின் அடிப்படை. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் ஆரப்பாளையத்தில் வந்து இறங்கி மருத்துவமனை தேடும் ஏழைப் பெண்ணுக்கு எட்டவேண்டுமெனின், இத்தகைய கருவி நம் மண்ணிலேயே உருவாக வேண்டும்.

இதில் தமிழுக்கும் ஓர் இடமுண்டு. சூடு எல்லை மீறும் இடத்தைக் கருவி சில வேளைகளில் காட்டாது. நோயாளியின் சொல்லே காட்டும். அவர் வாய்திறந்தவுடன் மருத்துவர் ஆற்றலைக் குறைப்பார். 'சுடுகிறது', 'எரிகிறது', 'காந்துகிறது', 'குத்துகிறது' என்பன ஒரு பொருட்சொற்கள் அல்ல. நம் சிற்றூர்ப் பெண் இவற்றை வேறுபடுத்தியே வழங்குகிறாள். கருவிக்கு முன் படுத்திருப்பவளிடம், 'பொறுத்துக்கொள்' என்பதற்கு மாறாக, 'எப்படி இருக்கிறது, சொல்லம்மா' என்று அவள் மொழியில் கேட்கும் பழக்கம் வேண்டும். விளக்கத் தாள்களும் ஒப்புதற் படிவங்களும் அவளுக்கு விளங்கும் தமிழில் அமைதல் வேண்டும்.

நோயுற்றவரின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செயற்படுமாறு 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்தார். வானலைக் கருவிக்கும் அந்நெறியே நெறி. நோயுற்றவரின் அளவை அறிவிக்கும் முதற் சான்று அவர்தம் சொல். அதனைச் செவிமடுக்கும் மருத்துவமே முழுமை பெறும்.